யாருடைய கட்டையில் பாடுவது?

எங்கள் கொயரில், அதாவது பாடகர் குழுவில், பதினெட்டுப் பேர். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயில். சனிக்கிழமை சாயந்தரம் ஒத்திகை என்று பெயர்தான். கொழுந்து நிறுத்து, லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) போய், பிள்ளைகளுக்கு எதையாவது கொடுத்து, குளித்துவிட்டு ஆட்கள் வந்து சேருவதற்குள் இருட்டிவிடும். பாதிப் பேருக்கு நொட்டேஷன் தெரியாது, மீதிப் பேருக்குத் தெரிந்த மாதிரி முகம் வைத்துக்கொள்ளத் தெரியும். நான் இரண்டாவது வகை.

பல வருசமாக எங்களிடம் ஒரே ஒரு குறை இருந்தது. பல்லவியில் எல்லாரும் நன்றாகத்தான் தொடங்குவோம். அனுபல்லவி மேலே ஏறியதும் பெண்கள் பக்கம் குரல் கிறீச்சிடும், இல்லையென்றால் சத்தமே வராது. ஆண்கள் மட்டும் ஜாம் ஜாமென்று பாடிக்கொண்டிருப்போம். மாஸ்டர் வழக்கமாகச் சொல்வது, "பயிற்சி பத்தல". ஒருநாள் முன்வரிசை அக்கா ஒருவர் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்: "மாஸ்டர், பாட்டுல பிழையில்ல. இது எங்க தொண்டைக்கு எட்டல. கொஞ்சம் எறக்கித்தான் போடுங்களேன்."

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. குழுவாகப் பாடுவதென்றால் குரல் வளம், தாளம், ஒற்றுமை என்று நிறையப் பேசுவார்கள். எல்லாவற்றுக்கும் முந்திய சங்கதி ஒன்று இருக்கிறது: எந்தக் கட்டையில் பாடுவது, அதை யார் முடிவு செய்வது?

கட்டை என்பது ஆர்மோனியக்காரர்களின் கணக்கு. ஆர்மோனியத்தில் "ஸ" எந்தச் சாவியில் வருகிறதோ அதுதான் பாட்டின் சுருதி. வெள்ளைச் சாவிகளை 1, 2, 3 என்று 7 வரைக்கும் எண்ணி, இடையிலுள்ள கறுப்புச் சாவிகளை ஒன்றரை, இரண்டரை, நாலரை என்று சொல்லுவார்கள். ஆண்கள் பெரும்பாலும் 1 கட்டையிலிருந்து 2 கட்டைக்குள் பாடுவார்கள், பெண்கள் 5 கட்டை, ஐந்தரை. பாட்டு வகுப்புக்குப் போன எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கள் அனுபல்லவிச் சிக்கல் அப்படியே தெரியும், அதை மட்டும் நாங்கள் யாரும் செய்யவில்லை.

ஆணின் 1 கட்டை "ஸ" விநாடிக்குச் சுமார் 131 அதிர்வு. பெண்ணின் 5 கட்டை "ஸ" சுமார் 196. ஒரு ஸ்தாயி (ஒரு "ஸ"விலிருந்து அடுத்த "ஸ" வரை) மேலே என்றால் அதிர்வு சரியாக இரட்டிப்பு ஆக வேண்டும், அதாவது 262. ஆக, பெண் குரல் ஆண் குரலுக்கு ஒரு ஸ்தாயி மேலே இல்லை. "ஸ"வுக்குப் "ப" எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்தான் மேலே. ஆணும் பெண்ணும் சேர்ந்து 1 கட்டையில் பாடினால் பெண்கள் ஆண்களோடு 131இல் நிற்க முடியாது, தொண்டைக்குள்ளேயே போய்விடும். அதனால் மேல் ஸ்தாயிக்குத் தாவி 262இல் நிற்கிறார்கள். தங்களுக்கு வசதியான 196ஐ விட்டு நாலு சுரம் மேலே. பல்லவி அங்கே எப்படியோ ஓடிவிடும், ஏனென்றால் பல்லவி கீழ்ப்பக்கம்தான் உலாத்தும். அனுபல்லவி மேல் "ஸ"வைத் தொட்டு அதையும் தாண்டும்போது, பழகாத தொண்டை என்ன செய்யும்? கிறீச்சிடும். பயிற்சிக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் எட்டாத கிளையைக் காட்டிவிட்டு "குதிக்கப் பழகு" என்பது நியாயமாகப் படவில்லை.

சரி, 1 கட்டையை யார் தீர்மானித்தது? எங்களிடம் ஆர்மோனியம் வாசித்தவருக்கு 1 கட்டையில் மட்டும்தான் விரல் பழக்கம். அந்தச் சுருதியில் ஸ-ரி-க-ம வெள்ளைச் சாவிகளிலேயே வரிசையாக விழும், கறுப்பில் தடவ வேண்டியதில்லை. பத்து வருசம் பெண்கள் கத்தியதற்குக் காரணம் ஒரு மனிதரின் விரல் சோம்பல். அவர் என் பெரியப்பா என்பதால் தாராளமாக எழுதுகிறேன்.

மலையகத்தில் கூட்டாகப் பாடுவது கோயில் கொயரோடு தொடங்கிய விசயமே இல்லை. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காடு நடந்து வந்த சனங்கள் பாட்டையும் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அந்தப் பாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இதில் சுருதி யார் கையில் என்று கேட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு பதில் வரும்.

ஒப்பாரியை எடுங்கள். ஆர்மோனியம் இல்லை, தாளக் கருவி இல்லை. செத்த வீட்டில் பெண்கள் தோளோடு தோள் சேர்த்து, தலையைக் கவிழ்த்துக்கொண்டு வட்டமாக உட்காருகிறார்கள். ஒருத்தி எடுப்பாள், மற்றவர்கள் அவள் வரியின் கடைசியில் வந்து சேருவார்கள். எடுப்பவளின் தொண்டைதான் சுருதி. அவள் களைத்துப் போனால் சுருதி இறங்கும், எல்லாரும் கூடவே இறங்குவார்கள், அடுத்தவள் எடுத்தால் புதுச் சுருதி. பக்கத்தில் இருப்பவளின் காதுக்குள்ளேயே பாடுவதால் ஒருத்தியும் விலகிப் போவதில்லை. கொயர் பயிற்சியில் "பக்கத்துக் குரலைக் கேள், உன் குரல் அதைவிடப் பெரிதாகக் கேட்டால் நீ கத்துகிறாய்" என்று சொல்லித் தருவார்கள். எங்கள் பாட்டிமாருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. ஒப்பாரியை இசை என்று சொல்லவே பலருக்குக் கூச்சம், அது சாவு வீட்டுச் சங்கதி என்று ஒதுக்கிவிடுவார்கள். என்னைக் கேட்டால் பெண்கள் தங்கள் கட்டையில் தாங்களே கூடிப் பாடும் வகைகளில் இதை முதலில் வைப்பேன்.

காமன் கூத்து நேர் எதிர். மாசி மாதம் அமாவாசை கழித்துக் காமன் பொட்டலில் கம்பம் நட்டால், மதனும் ரதியும் ஆடி, காமனை எரிப்பது வரைக்கும் தோட்டம் ராத்திரியில் தூங்காது. அங்கே பாட்டு ஆண்கள் கையில், வழக்கமாக ரதியும் ஆண்தான். கூத்து மாஸ்டர் ஒரு வரி எடுப்பார், பின்பாட்டுக்காரர்கள் அதைத் திருப்புவார்கள், தப்பு என்கிற தோல் பறை ஓங்கி விழும். தப்புக்குச் சத்தம் உண்டு, "ஸ" கிடையாது. அதனால் மாஸ்டர் எந்தச் சுருதியிலும் எடுக்கலாம், நடுவில் ஏற்றவும் செய்யலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஒரே தொந்தரவு பனி. ஈரம் பட்டால் தோல் தொய்ந்து தப்பு "தொப்" என்று கேட்கும், நெருப்பு மூட்டிக் காய்ச்சி வைத்தால்தான் "கணீர்" திரும்பும். நெருப்பைச் சுற்றித் தப்புக்காரர்கள் நிற்கும் அந்த இடைவெளியில் பாடகர்கள் தொண்டைக்கு ஓய்வு கிடைக்கும், யோசித்துப் பார்த்தால் நல்ல ஏற்பாடு.

மார்கழிப் பஜனையில்தான் ஆர்மோனியப் பெட்டி உள்ளே வருகிறது. விடிகாலையில் ஜால்ரா, டோலக், தோளில் தொங்கும் ஆர்மோனியத்தோடு லயம் லயமாகப் போகும் கூட்டம். முன்னால் நடக்கும் ஆண் எடுப்பார், பிள்ளைகளும் பெண்களும் வாங்கிப் பாடுவார்கள். நாமாவளிகள் சின்ன வரிகள், ஐந்தாறு சுரத்துக்குள் சுற்றுபவை, அதனால் எந்தக் கட்டையில் எடுத்தாலும் எல்லாரும் எப்படியோ ஒட்டிக்கொள்வார்கள். பஜனையில் பாடத் தெரியாதவன் என்று ஒருவனும் இல்லாததற்கு இதுதான் காரணம், பக்தி இரண்டாவதுதான் (சாமி மன்னிக்கட்டும்).

மேடைப் பாட்டையும் சொல்ல வேண்டும். கோதண்டராம நடேசய்யர் 1931இல் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய பிறகு, கூட்டங்களில் அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடுவார், சனம் சேரும். பாட்டுகளை எழுதியவரும் அவர்தான். தொழிலாளர் உரிமையைப் பற்றி, சனங்களுக்கு விளங்குகிற மெட்டில். கூட்டத்துக்கு முன்னால் தனியாக நின்று பாட்டை எடுக்கும் பெண் தன் தொண்டைக்குத் தோதாகத்தான் எடுப்பாள், ஆண்கள்தான் அதற்கு வளைந்து கொடுக்க வேண்டும். சாவு வீட்டுக்கு வெளியே பெண்கள் பின்பாட்டு மட்டும் பாடிப் பழகிய மலையில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சங்க வரலாறு எழுதுபவர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளைக்கு (1914–1984) நாம் எல்லாரும் கடன்பட்டவர்கள், சொற்கள் மிஞ்சியிருப்பது அப்படிப்பட்டவர்களால்தான். ஆனால் தாளில் சொல்தான் தங்கும், எந்தக் கட்டையில் பாடினார்கள் என்பது தங்காது.

இப்போது கோயிலுக்கு வருவோம். தோட்டத் தமிழர் மத்தியில் வேலை செய்வதற்கென்றே அங்கிலிக்கன் சபையார் 1854இல் ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். "தமிழ்க் கூலி மிஷன்" என்று பெயர், அந்தக் காலத்துப் பெயர், இப்போது வாசித்தால் பல்லைக் கடிக்கத் தோன்றும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்குத் தனியாகக் கல் கோயில் கட்டிக்கொண்டார்கள். டிக்கோயாவில் 1878இல் எழுந்த வார்லி தேவாலயத்தில் பைப் ஓர்கனே இருக்கிறது. பைப் ஓர்கனில் ஒரு வேடிக்கை உண்டு: குழாய்க்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும். 10 பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ ஒரு அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. மலைநாட்டுக் குளிரில் துரைமாரின் சுருதியைக்கூட வானிலைதான் வைத்திருக்கும்.

தமிழ்ச் சபையின் கையில் இரண்டு வகைப் பாட்டு வந்து சேர்ந்தது, இன்றைக்கும் இரண்டும் இருக்கிறது. ஒன்று பாமாலை, மேல்நாட்டு மெட்டில் தமிழ்ச் சொல். மற்றது கீர்த்தனை, தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் ராகத்தில் கட்டியவை. இரண்டையும் ஒரே கொயர்தான் பாடுகிறது, ஆனால் கட்டும் விதமே வேறு. பாமாலை மெட்டு படித்தவர், படிக்காதவர், ஆண், பெண், பிள்ளை என்று சபை முழுவதும் பாடுவதற்காகச் செய்தது, பெரும்பாலும் ஒரு ஸ்தாயியைக் கொஞ்சம் தாண்டியதோடு நின்றுவிடும். கீர்த்தனையின் அமைப்போ தனிக்குரலின் வித்தையிலிருந்து வந்தது, அனுபல்லவியில் ஏறிக் காட்டத்தான் வேண்டும், சிலது ஒன்றரை ஸ்தாயிக்குப் போகும். எங்கள் அக்காமார் பாமாலையில் நன்றாகப் பாடிவிட்டுக் கீர்த்தனையில் திணறியதற்குக் காரணம் இங்கே இருக்கிறது.

பாமாலையோடு வந்த இன்னொரு சரக்கு நாலு குரல் பகுப்பு. சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ். உயர்ந்த பெண் குரல், தாழ்ந்த பெண் குரல், உயர்ந்த ஆண் குரல், தாழ்ந்த ஆண் குரல். ஒவ்வொரு பகுப்புக்கும் வேறு சுரவரிசை, எல்லாம் சேர்ந்து விழும்போதுதான் பாட்டு. இதைக் கற்பிக்க மிஷனரிமார் கொண்டுவந்தது டோனிக் சொல்ஃபா. இங்கிலாந்தில் சாரா குளோவர் என்ற ஆசிரியை தொடங்கி, ஜோன் கேர்வன் 19ஆம் நூற்றாண்டு நடுவில் பரப்பிய முறை. ஐந்து கோட்டில் சுரப் புள்ளி போடாமல் டோ-ரே-மீயின் முதலெழுத்துகளை எழுதுவது. "டோ"வை எந்தச் சுருதியிலும் வைத்துக்கொள்ளலாம். நம் ஸ-ரி-க-ம-வும் அதையேதான் செய்கிறது என்பதால் தமிழ்ச் சபைகளுக்கு அது சட்டென்று பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் நாலு குரல் எங்கள் மாதிரித் தோட்டக் கோயில்களில் ஒருபோதும் முழுசாக வேர்விடவில்லை. அதற்குக் காதைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. நாலு குரல் பாட ஒவ்வொரு குரலுக்கும் குறைந்தது மூன்று பேர் வாராவாரம் வர வேண்டும். டெனர் பையன்கள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டால் டெனர் இல்லை. எங்களிடம் இப்போது டெனர் பாடுவது அறுபது தாண்டிய இரண்டு அம்மாமார். வயது போகப் போகப் பெண் குரல் தாழ்வது இயல்பு, அவர்களுக்கு அந்த இடம் அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கிறது. புத்தகத்தில் "ஆண்" என்று போட்டிருந்தால் போட்டுவிட்டுப் போகட்டும்.

கத்தோலிக்கப் பக்கத்தில் மாற்றம் வேறு வழியில் வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தாய்மொழி வழிபாட்டுக்குக் கதவு திறந்தது. அதுவரை இலத்தீனில் சிலர் பாட மற்றவர்கள் கேட்டிருந்த பூசையில், எல்லாரும் பாடுவதற்குத் தமிழ்ப் பாட்டுத் தேவைப்பட்டது. பாட்டு வந்தது, கூடவே கொஞ்ச காலத்தில் தமிழ்நாட்டுக் கசெட்டும் வந்தது. கசெட்டோடு ஒரு புதுச் சுருதி முதலாளியும் வந்தார். தொழில்முறைப் பாடகி ஸ்டூடியோவில் எந்தக் கட்டையில் பாடினாரோ அதே கட்டையில் லயத்து அக்காவும் பாடினால்தான் "பாட்டு சரி" என்று ஆகிவிட்டது. இப்போது கசெட்டின் இடத்தில் யூடியூப். ஃபோனில் போட்டு, கூடவே பாடி, எட்டாமல் போனால் தன் குரலையே குறை சொல்லிக்கொண்டு கொயரைவிட்டு நின்றுபோன மூன்று பேரை எனக்குத் தெரியும்.

மூச்சைப் பற்றி இரண்டு வார்த்தை. சுவீடன் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், சேர்ந்து பாடுபவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதைப் பதிவு செய்தார்கள். மாயம் இல்லை. மூச்சை நீளமாக விடும்போது இதயம் மெதுவாகும், எடுக்கும்போது வேகமாகும். ஒரே வரியைப் பாடுபவர்கள் ஒரே இடத்தில் மூச்செடுத்து ஒரே நேரம் விடுகிறார்கள், இதயமும் பின்னால் போகிறது. தப்புக்கு ஆடுபவர்களையோ ஒப்பாரி வட்டத்தையோ யாரும் இப்படி அளந்தார்களா தெரியாது, அளந்தால் நல்லது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், காற்றழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே இருந்து வரும் பாடகர்கள் நீள வரியில் திணறினால் அதைச் சொல்லித் தப்பிக்கிறார்கள். ஏறி வந்த படிக்கட்டுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். எங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. நீள வரியில் பக்கத்தில் இருப்பவர் மூச்செடுக்கும்போது நாம் எடுக்கக் கூடாது, மாற்றி மாற்றி எடுத்தால் கேட்பவருக்கு வரி அறாது. அவ்வளவுதான் இரகசியம்.

குளிர்தான் உண்மையான எதிரி. டிசம்பர் ராத்திரி கரோல் போகும்போது தொண்டைத் தசை விறைத்திருக்கும், குரலை எடுத்த எடுப்பில் மேலே தூக்கினால் கரகரக்கும். லயத்துக்கு லயம் பிளேன்டீ கொடுப்பார்கள், கொத்தமல்லித் தண்ணி கொடுப்பார்கள். இது குரல் நாணைத் தொட்டு ஈரமாக்குகிறது என்று நினைப்பவர்கள் உண்டு, குடிப்பது எதுவும் குரல் நாணைத் தொடாது, தொட்டால் புரையேறும். வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, பிறகுதான் அங்கே ஈரம் சேரும், அதற்கு நேரம் எடுக்கும். ஆக, ஒன்பது மணிப் பாட்டுக்கான தண்ணீரை ஏழு மணிக்கே குடிக்க வேண்டும். ஒன்பது மணிக்குக் குடிக்கும் டீ கைக்குச் சூடு, அது போதாதா.

அக்கா கேட்ட கேள்விக்கு என்ன செய்தோம்? முதலில் மாஸ்டர் 3 கட்டைக்கு ஏற்றிப் பார்த்தார். ஏனோ பெண்களுக்கென்றால் ஏற்ற வேண்டும் என்று ஒரு நினைப்பு, தனியாகப் பாடும்போது அவர்கள் 5 கட்டை என்பதால் இருக்கலாம். மோசமானது. அப்புறம் இறக்கினார். ஆறரைக் கட்டை, 1 கட்டைக்குக் கீழ்ப்பக்கத்து ஆறரை. பெண்களின் "ஸ" 233 அதிர்வுக்கு வந்தது, அவர்களுடைய இடத்துக்குக் கிட்டே. ஆண்களின் "ஸ" 117க்குப் போனது. அனுபல்லவியை முதல்முறையாக எல்லாரும் பாடினோம். பல்லவியில்தான் இப்போது நாங்கள் அடித்தொண்டையில் உறுமுகிறோம், மந்தர ஸ்தாயியில் ஒரு இடத்தில் என் குரல் வெறும் காற்றாகப் போய்விடுகிறது. "கொஞ்சம் ஏத்துங்க மாஸ்டர்" என்று ஒரு அண்ணன் கேட்டதற்கு, அந்த அக்கா திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார்.

எல்லாப் பாட்டுக்கும் இது சரிவராது. சிலதில் பல்லவியைப் பெண்களுக்கும் சரணத்தை ஆண்களுக்கும் பிரித்துவிட்டோம். இரண்டு பாட்டைக் கைவிட்டோம், நல்ல பாட்டுகள்தான். இப்போது புதுப் பாட்டு எடுத்தால் மாஸ்டர் முதலில் கீபோர்டைத் தொடுவதில்லை. மேலே உள்ள வரியை முன்வரிசையில் ஒருத்தரைப் பாடச் சொல்கிறார், அவர் எங்கே எடுக்கிறார் என்று சாவியில் தேடுகிறார். பல தடவை இரண்டு சாவிக்கு நடுவில் வந்து நிற்கும், அப்போது கீழ்ச் சாவி.

கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் இப்போது −2இல் நிற்கிறது, அதாவது 1 கட்டையில் வாசித்தால் ஆறரையில் கேட்கும். பெரியப்பா மாதிரி 1 கட்டையில் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும் அது போதும். டிசம்பரில் கொழும்பிலிருந்து வரும் பையன்கள் வந்த வேகத்தில் அதை அமுக்கிப் பூச்சியத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று, அந்த அக்கா அதன்மேல் ஒரு பிளாஸ்டர் ஒட்டி வைத்திருக்கிறார்.